வீட்டுக்குப் போகிற டேப்

எங்கள் பள்ளியில் இரும்பு அலமாரி வாங்குவதா வேண்டாமா என்று மூண்ட சண்டைதான் என்னை விமானம் ஏற்றியது.

நான் பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. எங்கள் பழைய மாணவர்கள் சிலர் ஒன்றுகூடி, பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தட்டைக் கணினி தருவதாகச் சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினோம். சத்தம் ஓய்ந்ததும் பள்ளி வாரியத் தலைவர் பெருமாள் ஐயா எழுந்து, "சரி, மணி அடிச்சதும் இதெல்லாம் எங்கே போகும்?" என்று கேட்டார். பூட்டுப் போட்ட அலமாரிக்குள் போய், மறுநாள் காலையில் வெளியே வர வேண்டும் என்பது அவர் கட்சி. பிள்ளையின் பையில் ஏறி வீட்டுக்குப் போக வேண்டும் என்பது இளைய ஆசிரியர்களின் கட்சி.

நான் அலமாரிக் கட்சி. எங்கள் ஊர் மழையையும் எங்கள் பிள்ளைகளையும் நன்றாக அறிந்தவள்.

இணையவழிக் கூட்டம் ஒன்றில் எனக்கு ரோஸ்லின் டீச்சர் பழக்கமாகியிருந்தார். ஒரகடம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியை. அவர் பள்ளியில் ஓர் அறக்கட்டளை பிள்ளைகள் எல்லோருக்கும் டேப், அதாவது தட்டைக் கணினி, கொடுத்திருந்தது; அவை தினமும் வீட்டுக்கும் போய் வந்தன. "போன்ல சொன்னா புரியாது. வந்து பாருங்க" என்றார். எங்களுக்குப் பள்ளி விடுமுறை வந்தது. "டீச்சரே போய்ப் பார்த்துட்டு வரட்டும். அவங்க என்ன சொன்னாலும் நான் கட்டுப்படுறேன்" என்று பெருமாள் ஐயா பெருந்தன்மையாகச் சொன்னார். நான் எந்தக் கட்சி என்பது அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஸ்ரீபெரும்புதூரில் வந்து இறங்கினேன். கோயிலுக்குப் போகிற தெருவில் ஒரு லாட்ஜில் அறை. சன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் வரிசையாக நிற்கும் கம்பெனி பேருந்துகள். கோபுரத்துப் புறாக்களுக்கு ஆரன் சத்தம் பழகிப்போயிருந்தது, ஒன்றுகூட அசையவில்லை.

நல்ல பசி. கீழே இருந்த உணவுக் கடையில் போய் உட்கார்ந்து, எங்கள் ஊர் வழக்கப்படி, "தம்பி, பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன். பரிமாறுகிறவர் குழம்பிப்போய் நின்றார்.

"இன்னாது? பசி ஆறிப் போச்சா? அப்பால இன்னாத்துக்குக்கா கடைக்கு வந்தீங்க?"

பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குச் சிரிப்பில் புரையேறியது. எங்கள் நாட்டில் சாப்பிடுவதையே பசியாறுவது என்போம் என்று விளக்கினேன். "நல்லாக் கீதே" என்று சொல்லிவிட்டுப் போனவர், இட்லியும் வடகறியும் கொண்டுவந்து வைத்து, "பசியாறுங்கக்கா" என்றார். வடகறி என்பதை அன்றுதான் முதல்முறை தின்கிறேன். உதிர்த்த வடையைக் குழம்பில் ஊறவைத்தது போல இருக்கும் என்று சொன்னால் அதன் பெருமை தெரியாது. மூன்றாவது முறையும் கேட்டு வாங்கினேன். தேநீர்தான் ஏமாற்றம். எங்கள் ஊரில் நுரைக்க ஆற்றிய ஒரு பெரிய குவளை தே தாரேக்கை வைத்துக்கொண்டு ஊர்க்கதை முழுக்கப் பேசி முடிக்கலாம். இங்கே கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குவளை. வாயைத் திறப்பதற்குள் டீ தீர்ந்துவிடுகிறது.

திங்கள் காலை ரோஸ்லின் டீச்சர் சொன்னபடி ஒரகடம் பேருந்துக்காக நின்றேன். ஒரு பேருந்து வந்து என் எதிரிலேயே கதவைத் திறந்தது. "ஒரகடமா?" என்று கேட்டேன். யாரோ "ஆமா, ஏறுங்க" என்றார்கள். ஏறிவிட்டேன்.

உள்ளே எல்லோரும் பெண்கள். எல்லோர் கழுத்திலும் அட்டை, எல்லோர் உடம்பிலும் ஒரே நிறச் சட்டை. நடத்துநர் வருவார் என்று காசைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நியூ ஜாயினிங்கா மேடம்? எந்த லைன்?"

எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவள் போலத் தெரிகிறேன் என்பதில் கொஞ்சம் மகிழ்ச்சிதான். மலேசியாவில் இருந்து வந்திருக்கிறேன் என்றேன். முன் இருக்கையில் இருந்த தென்காசிப் பெண் திரும்பி, "அம்புட்டுத் தூரத்துல இருந்தெல்லாமா இங்க ஆள் எடுக்காவ?" என்று கேட்க, பேருந்தே சிரித்தது. அது கம்பெனி வண்டி. டிக்கெட்டே கிடையாது. வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குள் ஒரு தொழிற்சாலை வாசலில்தான் இனி நிற்கும்.

அவர்கள் எல்லோரும் கைபேசி செய்கிறவர்கள். என் காரியத்தைக் கேட்டதும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "பிள்ளைங்க கையில குடுங்க மேடம், பூட்டி வெச்சா பேட்டரிதான் போவும்" என்றாள் ஒருத்தி. "எங்க வூட்டுல குடுத்தா என் தம்பி கேம் ஆடிக்கினே கண்ண அவிச்சுக்குவான்" என்றாள் இன்னொருத்தி. தென்காசிப் பெண் மட்டும், "எட்டு மணி நேரம் போன் முகத்துலயே முழிக்கேன். ரூமுக்கு வந்தா அதைத் தொடவே வெறுப்பா இருக்கு. எங்கம்மை கூப்பிட்டா மட்டும்தான் எடுப்பேன்" என்றாள்.

வாசலில் காவலர் என் கழுத்தில் அட்டையைத் தேடினார். இல்லை என்றதும் முகம் இறுகியது. மொத்தப் பேருந்தும் சன்னல் வழியாக எனக்குச் சாட்சி சொன்னது. கடைசியில் அவரே ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி, "இந்த அம்மாவ வடக்குப்பட்டு ரோட்டுல எறக்கி வுடு. வெளிநாட்டுக்காரங்க, சுத்திக் கித்திக் காட்டாத" என்று ஏற்றிவிட்டார். ஆட்டோக்காரர் அப்படியும் சுற்றித்தான் காட்டினார். இது கார் கம்பெனி, இது கண்ணாடி கம்பெனி, இந்த இடத்தில் போன வருடம் வரைக்கும் நெல் என்று சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு கம்பெனிச் சுவர்களுக்கு நடுவே ஒரு துண்டு வயலில் ஒருவர் மருந்து தெளித்துக்கொண்டிருந்தார். அந்த ஊருக்கு அது ஒன்றும் வேடிக்கையாகத் தெரியவில்லை.

பள்ளி வாசலில் ரோஸ்லின் டீச்சர் நின்றார். நெட்டையான ஆள், கணீர் குரல். என் பேருந்துக் கதையைக் கேட்டு, "முதல் நாளே வேலைக்குப் போயிட்டு வந்துட்டீங்க, சம்பளம் குடுத்தாங்களா?" என்று சிரித்தார். காலை உணவு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு துணிப்பை. டேப் வைப்பதற்காக அம்மாக்கள் தைத்தது. பழைய கம்பெனிச் சட்டைத் துணி, சேலைத் துணி, ஒன்றில் ஜீன்ஸ் கால்சட்டையின் பின்பாக்கெட்டும் அப்படியே இருந்தது.

"உடையவே இல்லையா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டேன்.

"உடையாம? ஒன்னு ஏரியில வுழுந்துது. ஒன்னோட பையை ஆடு மென்னுடுச்சு. ஒன்னு மேல அவங்கப்பா உக்காந்துட்டாரு. முதல்ல மாசத்துக்கு நாலஞ்சு வரும். இப்ப கொறைஞ்சு போச்சு. அவங்க பொருள்னு ஆனப்புறம் அவங்களே பாத்துக்குறாங்க."

அலமாரிக் கட்சிக்கு நல்ல செய்திதான், மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

ஆறாம் வகுப்பில் அன்று வீட்டுப்பாடம் திருத்தும் நேரம். வீட்டில் கேட்கும் ஒரு சத்தத்தைப் பதிவு செய்து வர வேண்டும், மற்றவர்கள் அதை என்னவென்று கண்டுபிடித்து, அதைப் பற்றி எழுத வேண்டும். மிக்சி சத்தம் வந்தது. ஷிப்ட் பேருந்தின் ஆரன் வந்தது. பிறகு ஒரு பையனின் டேப்பில் இருந்து கர் புர்ரென்று ஏதோ உறுமியது. லாரி என்றார்கள், பன்றி என்றார்கள், கம்பெனி ஜெனரேட்டர் என்றார்கள். "எங்கப்பா நைட் ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்குறாரு" என்றான் பையன். வகுப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஆனால் அதன்பிறகு அவர்கள் எழுதியதை வாங்கிப் படித்தேன். பகலில் தூங்குகிற அப்பாவுக்காக வீட்டில் எப்படியெல்லாம் சத்தமில்லாமல் நடக்கிறார்கள் என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் தலைப்பு "எனக்குப் பிடித்த பழம்".

அந்த வகுப்பில்தான் சுபாவைப் பார்த்தேன். முழுப்பெயர் சுபஸ்மிதா. ஒடிசாக்காரப் பெண். அப்பா கம்பெனிக் கொட்டகைகளுக்கு இரும்புச் சட்டம் பற்றவைக்கிறவர். வந்து கொஞ்சக் காலம்தான் என்றார்கள், ஆனால் வகுப்பிலேயே அந்த ஊர்ப் பேச்சை அச்சு அசலாகப் பேசுகிறவள் அவள்தான். என்னிடம் வந்து, "டீச்சர், நீங்க பேசுறது இன்னா தமிழு? டிவி நியூஸ் மாறியே கீது" என்றாள்.

செவ்வாய் மாலை ரோஸ்லின் டீச்சர் வீடு பார்க்கக் கிளம்பினார். வாரத்தில் ஒருநாள் பிள்ளைகளின் வீட்டுக்குப் போவது அவர் பழக்கம். ஸ்கூட்டரின் பின்னால் நான். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் "இயேசுவே" என்று முன்னால் ஒரு குரல், "முருகா" என்று பின்னால் ஒரு குரல். இருவரில் யார் காப்பாற்றினார்களோ, சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தோம்.

சுபாவின் வீடு, தகரம் போட்ட வரிசை அறைகளில் ஒன்று. அம்மா மினாதி கூச்சத்தோடு பாய் விரித்தாள். இடுப்பில் கைக்குழந்தை. தண்ணீர் ஊற்றிய சோறும், பச்சை மிளகாயும் கடுகெண்ணெயும் போட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வைத்தாள். கடுகெண்ணெய் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. அழுகிறேன் என்று நினைத்து அவள் பதறிப்போனாள். "காரம் இல்லம்மா, நல்லாருக்கு" என்று இன்னொரு கை வாங்கிச் சாப்பிட்டேன்.

குழந்தைக்கு ஏதோ வேண்டியிருந்து சுபா கடைக்கு ஓடினாள். அவள் போனதும் மினாதி மூலையில் இருந்த டேப்பை எடுத்தாள். எதையோ தொட்டாள். சுபாவின் குரல் வந்தது. முதலில் ஒடியாவில் ஏதோ ஒன்று; பிறகு தமிழில், "கால் கிலோ தக்காளி குடுங்கோ." சற்று இடைவெளி. அந்த இடைவெளியில் மினாதி மெல்ல, "கால் கிலோ தக்காலி குடுங்கோ" என்றாள். அடுத்தது: "கொழந்தைக்கு ஜொரம், ரெண்டு நாளா கீது." அதையும் சொன்னாள். அடுத்தது: "மேல கைய வெக்காத." அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உரத்து வந்தது. நாங்கள் சிரித்துவிட்டோம், அவளும் சிரித்தாள்.

சுபா திரும்பி வந்து, தன் பாடத்தை நாங்கள் கேட்டுவிட்டதைப் பார்த்து வெட்கப்பட்டாள். இரவுச் சமையலுக்கு அம்மா உட்காரும்போது இந்தப் பாடம் நடக்குமாம். தினமும் புதிதாகச் சில வாக்கியம். அந்தப் பதிவுகளை ரோஸ்லின் டீச்சரும் அன்றுதான் கேட்கிறார். "எங்கிட்டச் சொல்லவே இல்லையேடி" என்றார்.

"நீங்க குடுத்த ஓம் ஒர்க் இல்லயே டீச்சர்" என்றாள் சுபா. பிறகு, மாடு தண்ணீர் குடிப்பதைச் சொல்வது போல, "நாங்க நாளைக்கிக் காலைல போறோம். அப்பாவுக்கு இங்க வேல முட்ஞ்சிட்ச்சி. பெங்களூருக்கு அந்தாண்ட புதுசா ஷெட்டு கட்றாங்களாம். காண்ட்ராக்டரு வேன் அனுப்புறாரு" என்றாள்.

ரோஸ்லின் டீச்சர் டேப்பைப் பார்த்தார். பிறகு சுபாவைப் பார்த்தார்.

"டேப்பக் காலைல வந்து குட்த்துடறேன் டீச்சர். எனுக்கு ரூல்ஸ் தெரியும்" என்றாள் அவள்.

திரும்பி வரும் வழியில் பள்ளம் வந்தபோதும் இயேசுவையோ முருகனையோ யாரும் கூப்பிடவில்லை. லாட்ஜ் வாசலில் இறங்கிய பிறகுதான் ரோஸ்லின் டீச்சர் விஷயத்தைச் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுபோகலாம்; ஆனால் பள்ளியை விட்டுப் போகும் பிள்ளை திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அறக்கட்டளை போட்ட விதி அது. டேப்பில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பார்கள்.

"நியாயம்தானே?" என்றேன், அலமாரிக் கட்சியாக.

"நியாயம்தான். அதான் கோவமா வருது" என்றார்.

புதன் காலை நான் பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் சுபா வந்து போயிருந்தாள். தலைமையாசிரியை மேசை மேல் துணிப்பை. உள்ளே டேப், ஒழுங்காகச் சுற்றி ரப்பர் போட்ட சார்ஜர். துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தாள்.

சற்று நேரத்தில் அறக்கட்டளை சார்பில் யுவராஜ் என்ற இளைஞர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பள்ளிகளில் டேப்புகளைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. நல்ல பிள்ளை, பழுதான டேப்புகளுக்கு உயிர் கொடுத்துவிட்டுத்தான் டீயே குடித்தார். பிறகு சுபாவின் டேப்பைக் கையில் எடுத்தார். "ஒரு நிமிஷம் டீச்சர், ரீசெட் போட்டுர்றேன்."

"அழிக்கிறதுக்கு முன்ன அதுல இருக்குறதக் கேளு யுவா" என்றார் ரோஸ்லின்.

அவர் கேட்டார். தக்காளியைக் கேட்டார், குழந்தையின் காய்ச்சலைக் கேட்டார். "மேல கைய வெக்காத" என்று சிறுமியின் குரல் வந்து, அம்மா திரும்பச் சொல்ல விட்ட இடைவெளியும் வந்தபோது டேப்பை மேசையில் வைத்துவிட்டார்.

"டீச்சர், அழிக்கலன்னா எனக்குப் பிரச்சினை."

"உனக்கு ஏன்? உங்க மேடத்துக்குப் போன் போடு. நான் பேசிக்கிறேன்."

ஒலிபெருக்கியில் போட்டார்கள். அறக்கட்டளையை நடத்தும் அந்த மேடம் கெட்டவர் அல்ல, நன்றாக யோசித்துப் பேசுகிறவர். அதுதான் சிக்கல். "ரோஸ்லின், உங்க ஏரியாவுல வேலைக்கு வர்றவங்க மாறிக்கிட்டே இருப்பாங்க. போற பிள்ளைங்க எல்லாம் எடுத்துட்டுப் போனா, அடுத்த வாரம் புதுசா ஒரு பிள்ளை வந்து நிக்குமே, அதுக்கு என்ன குடுப்பீங்க? ஆளுக்கொன்னுன்னு சொல்லித்தானே குடுத்தோம்?"

யுவராஜ் கூரையைப் பார்த்தார். எனக்கும் மேடம் சொல்வதே சரி என்று பட்டது. டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்து தம் டேப்பை எடுத்தார். பாடம் நடத்த ஆசிரியர்களுக்கென்று கொடுத்திருந்தது.

"இதக் குடுப்பேன்."

"அப்ப நீங்க எதை வெச்சு நடத்துவீங்க?"

"முப்பது வருஷமா சாக்பீஸ் வெச்சுத்தான் நடத்துனேன். செத்தா போயிட்டேன்?"

மேடம் சிரித்துவிட்டார். பிறகு, "மலேசியாவில இருந்து ஒரு டீச்சர் வந்திருக்காங்களாமே, யுவா சொன்னான். அவங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். ரோஸ்லின் டீச்சர் கைபேசியை என் பக்கம் தள்ளினார்.

நான் எதிர்பார்க்கவில்லை. அலமாரி வாங்குங்கள் என்று எழுதி அனுப்பும் எண்ணத்தோடு வந்தவள் நான். நேற்று இரவு படுக்கையிலும் அதே எண்ணம்தான். ஆனால் வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"பூட்டி வைக்கலாம்னு சொல்லத்தான் வந்தேன் மேடம். நேத்து அந்தப் பிள்ளையோட அம்மா அதை எடுத்துப் படிச்சதைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துல யாரும் சொல்லிக்கொடுக்கல, வீட்டுப்பாடமும் இல்ல. பொருள் தன்னோடதுன்னு நெனச்சதால அந்தப் பிள்ளை தானா செஞ்சிருக்கு. நீங்க ஆளுக்கொன்னுன்னு குடுத்தீங்க. அது ஆளோட போகலன்னா, ஆளுக்கொன்னு இல்ல மேடம், நாற்காலிக்கு ஒன்னு."

இவ்வளவு தெளிவாக என் வாழ்நாளில் நான் வேறெந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை.

"யுவா," என்றார் மேடம், "அந்த ஒன்னை அழிக்காதே. பிள்ளை பேர்லயே போட்டுடு. மத்ததை வர்ற மீட்டிங்ல பேசுவோம். ரோஸ்லின், உங்க டேப்பை உள்ள வைங்க. முதல்ல புதுப் பிள்ளை வரட்டும், பார்க்கலாம்."

வேன் எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. ஒரகடம் கூட்டுரோட்டில் எல்லோரையும் ஏற்றுவார்கள் என்று சுபா காலையில் சொல்லிவிட்டுப் போனது மட்டும் தெரியும். யுவராஜ் இன்னொரு பள்ளிக்குப் போக வேண்டும். டேப்பை மடியில் வைத்துக்கொண்டு நான் ஸ்கூட்டரில் ஏறினேன்.

கூட்டுரோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வழி அடைத்துவிட்டது. புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு ஒரு நீள லாரி குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. முன்னால் போனது, பின்னால் வந்தது, மறுபடி முன்னால் போனது. வெள்ளைத் தாள் ஒட்டிய கார்கள் எங்களை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. ரோஸ்லின் டீச்சர் ஆரனை அழுத்திய அழுத்தில் அது தொண்டை கட்டிப்போய் நின்றுவிட்டது.

"எறங்கி ஓடுங்க! நான் வண்டியப் போட்டுட்டு வர்றேன்!"

நான் ஓடினேன். எங்கள் பள்ளியின் விளையாட்டுப் போட்டியில் விசில் ஊதுவதோடு சரி, ஓடிப் பல வருடம் ஆகிறது. பாதி வழியில் செருப்பின் வார் அறுந்தது. கையில் ஒரு செருப்பு, காலில் ஒரு செருப்பு, மார்போடு அணைத்த டேப். "யக்கா, பாத்து!" என்று யாரோ கத்தினார்கள். பின்னால் ரோஸ்லின் டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நீண்ட கால்களால் என்னைப் பிடித்துவிட்டார்.

வேன் நின்றிருந்தது. அதன் ஓட்டுநர் பரோட்டாக் கடையில் இரண்டாவது முறை சால்னா ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சால்னாவைச் செய்தவர் நூறாண்டு வாழட்டும்.

வேனுக்குப் பக்கத்தில் மூட்டைகளும் ஒரு மேசை விசிறியும். எங்கள் இருவரையும், என் கையில் இருந்த டேப்பையும் பார்த்ததும் சுபாவின் அப்பா எழுந்து நின்றார். அவர் முகம் வெளுத்தது. இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினார். இந்தியில் வேகமாகச் சொன்னதைப் பக்கத்தில் இருந்தவர் தமிழில் சொன்னார்: "உடைக்கலயாம். நல்லாத்தான் குடுத்தாங்களாம். உடைஞ்சிருந்தா கூலியில கழிச்சுக்கச் சொல்றாரு."

ஓடி வந்ததில் எனக்குப் பேச மூச்சு இல்லை. டேப்பை நீட்டினேன். ரோஸ்லின் டீச்சர்தான், "உன்னுதுடி. இனிமே உன்னுதுதான். எடுத்துக்கினு போ" என்றார்.

சுபா கையை நீட்டவில்லை. "ரூல்ஸ்?"

"மாத்தியாச்சு."

"நெஜமாவா?"

"இந்த டீச்சரக் கேளு. அவங்கதான் போன்ல சண்ட போட்டாங்க."

அவள் என்னைப் பார்த்தாள், என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள். அப்புறம்தான் வாங்கினாள். வாங்கியதும் முதலில் செய்தது, தட்டித் தட்டிப் பதிவுகள் இருக்கின்றனவா என்று பார்த்ததுதான். இருந்தன. அம்மாவிடம் காட்டினாள்.

மினாதி குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்தாள். கையில் தண்ணீர் பாட்டில். மூச்சுவிடத் திணறிக்கொண்டு நின்ற ரோஸ்லின் டீச்சரின் முகத்துக்கு நேரே நின்று, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"இன்னா டீச்சர், இம்மாந் தூரம் ஓடியாந்தீங்க? தண்ணி குடிங்கோ."

டேப்பில் இருந்த வாக்கியம் அல்ல இது. அவளே கோத்தது. ரோஸ்லின் டீச்சர் தண்ணீரை வாங்கிக் குடித்தார், குடித்துக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். ஓட்டுநர் கை கழுவிவிட்டு வந்து, "ஏறுங்க ஏறுங்க, லேட்டாச்சு" என்று எங்களால்தான் தாமதம் போல அதட்டினார். வேன் மேம்பாலத்தடியில் திரும்பும் வரை சன்னலுக்கு வெளியே ஒரு சிறிய கை ஆடிக்கொண்டிருந்தது.

நாங்கள் அந்தப் பரோட்டாக் கடையிலேயே உட்கார்ந்தோம். எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்கு இது அண்ணனா தம்பியா என்று பேச்சு வந்தது. மொறுமொறுப்பில் இது அண்ணன், மென்மையில் அது அண்ணன் என்று முடித்தோம். பக்கத்துக் கடையில் எனக்கு ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டுதான் வியாழக்கிழமை ஊர் திரும்பினேன்.

வாரியக் கூட்டத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஏரியில் விழுந்ததையும் ஆடு மென்றதையும் மறைக்கவில்லை. பெருமாள் ஐயாவின் முகம் வாடிக்கொண்டே வந்தது.

"அப்போ உடையும்னுதானே சொல்றீங்க டீச்சர்?"

"உடையும் ஐயா."

"அப்புறமும் வீட்டுக்குக் கொடுக்கணும்னு சொல்றீங்க?"

"ஆமா. ஊர் மாறிப் போனாலும் கொண்டு போகட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். கட்சி மாறியவளைப் பார்க்கிற பார்வை. ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர். "கட்டுப்படுறேன்னு சொல்லிட்டேன். கட்டுப்படுறேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகள் முதன்முதலாகக் கணினியோடு வீட்டுக்குப் போன நாளன்று, சொல்லி வைத்தாற்போல மணி அடிக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நான் வாசலில் நின்று ஒவ்வொரு பையையும் எண்ணெய்த்தாளால் சுற்றிச் சுற்றி அனுப்பினேன். செம்மண் பாதையில் வழுக்கி வழுக்கி அவர்கள் மறையும் வரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமாள் ஐயா குடையோடு வந்து என் பக்கத்தில் நின்றார். குடையை என் தலைக்கு மேலும் பிடித்தார். அதுவே பெரிய உதவி.

பொழுது சாயும் நேரத்தில் கைபேசி அடித்தது. நான்காம் ஆண்டில் படிக்கும் கவிதாவின் அப்பா. தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காத ஆள், இத்தனை வருடத்தில் எனக்கு ஒருமுறைகூட அழைத்ததில்லை. போச்சு, முதல் நாளே உடைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தேன்.

"டீச்சர், பாப்பா குளிக்கப் போயிருக்கா," என்றார் தணிந்த குரலில். "அவ வர்றதுக்குள்ள நான் கொஞ்சம் தொட்டுப் பார்க்கலாமா? இதுல 'அ' எங்க இருக்குன்னு சொல்றீங்களா?"

சொன்னேன். மறுமுனையில் எழுத்துப் பாடம் திறக்கிற ஒரு சின்ன ஒலி, அப்புறம் 'அம்மா' என்று கணினி சொன்னது, அவரும் சொன்னார். 'ஆ' வந்தது. 'இ' வந்தது. 'ஈ'க்குப் போகும்போது கதவு திறக்கும் சத்தமும், "அப்பா! அது என்னோடது, குடுங்க!" என்ற கூச்சலும் கேட்டன.

"இரும்மா," என்றார் அவர், "இன்னும் ஒன்னே ஒன்னு."